தோட்டப்புற மேடையில் மாயவித்தை: தொழிலாகச் செய்ய விரும்புவோருக்கு முழுமையான வழிகாட்டி

மாயவித்தையைக் கற்பிக்கும் நூல்களும் காணொளிகளும் பெரும்பாலும் முழு வசதியுள்ள ஓர் அரங்கை மனத்தில் வைத்தே பேசுகின்றன. பார்வையாளர்கள் இருட்டில் எதிரே அமர்ந்திருப்பார்கள், இரு பக்கமும் பக்கத்திரை தொங்கும், பின்னே கறுப்புத் திரை இருக்கும். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், பால்மரத் தோட்டங்களின் மண்டபங்களில் இவற்றில் ஒன்றும் கிடைப்பதில்லை. இடுப்பளவு உயரமுள்ள சிமெண்டு மேடை, இரு பக்கமும் படிகள், அந்தப் படிகளில் மாலையிலேயே இடம்பிடித்து உட்கார்ந்துவிட்ட பிள்ளைகள், பின்சுவர்ச் சன்னலில் எட்டிப் பார்க்கும் இளைஞர்கள், தலைக்கு மேலே சுழலும் காற்றாடி, எதையும் மறைக்க விடாத குழல்விளக்கு ஆகியவைதான் இங்கு நமக்குக் கிடைக்கும் மேடை. பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் பார்க்கப்பட்டாலும் கலையாத வித்தைதான் இங்கு தொழிலாக நிற்கும். இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் ஒவ்வொன்றும் இந்த ஓர் உண்மையிலிருந்தே கிளம்புகிறது.

இது புதிய சிக்கலும் அன்று. தமிழகத்துத் தெருக்களில் செப்பிடுவித்தை காட்டியவர்களுக்கு மேடையே கிடையாது. நாலா பக்கமும் கூட்டம் சூழ்ந்து நிற்க, தரையில் குந்தி உட்கார்ந்து, மூன்று கிண்ணங்களையும் சில சிறு உருண்டைகளையும் வைத்துக்கொண்டு அவர்கள் பிழைத்தார்கள். உட்காரும் விதமும், மடியும், பக்கத்தில் கிடக்கும் துணிப்பையும், இடைவிடாத பேச்சும் அவர்களுக்குத் திரையாக இருந்தன. பக்கத்திரை இல்லை என்று கவலைப்படும் இளையவர்கள், வெளிநாட்டு அரங்க நிகழ்ச்சிகளைப் பார்க்கும் நேரத்தில் பாதியையாவது இந்தத் தெருக்கலைஞர்களின் பழைய படக்காட்சிகளைத் தேடிப் பார்ப்பதில் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் படி: ஒரு நாணயம்

விலை உயர்ந்த கருவி எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-இல் வெளிவந்த மூன்றாம் வரிசை 50 சென் நாணயம் 22.65 மில்லிமீட்டர் விட்டமே உள்ளது. வளர்ந்தவர் உள்ளங்கையில் அது நழுவும். அதற்கு முந்தைய வெள்ளி நிற 50 சென் 27.75 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. பெரும்பாலான வீடுகளில் பழைய டப்பா ஒன்றில் அது இன்னும் கிடக்கும்; தேடி எடுங்கள். மேல்நாட்டு நூல்கள் பரிந்துரைக்கும் அமெரிக்க அரை டாலர் ஏறத்தாழ 30.6 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. அதை வரவழைக்கத் தேவையில்லை.

கற்க வேண்டிய முதல் அசைவு, வலக்கையிலுள்ள நாணயத்தை இடக்கைக்கு மாற்றுவதுபோல் காட்டி, வலக்கையிலேயே வைத்துக்கொள்வது. இது எல்லாத் தொடக்க நூல்களிலும் உள்ளதால் இங்கு விளக்குவதில் தவறில்லை. முதலில் நாணயத்தை உண்மையாகவே மாற்றுங்கள். அப்படி மாற்றும்போது உங்கள் கண் எங்கே போகிறது, நாணயத்தை வாங்கிய இடக்கை எந்த அளவுக்கு மூடுகிறது, கொடுத்துவிட்ட வலக்கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். நாணயத்தைப் பிடித்த கை இறுக மூடுவதில்லை. உள்ளே ஒரு பொருளுக்கு இடம் விட்டே மூடுகிறது. கொடுத்துவிட்ட கை விரைந்து ஓடுவதில்லை. வேலை முடிந்த கையாகத் தளர்ந்து கீழே இறங்குகிறது. கண்ணோ நாணயம் போன திசையிலேயே செல்கிறது. இந்த மூன்றும் மனப்பாடமான பிறகுதான் பொய்யான மாற்றத்தைத் தொடங்க வேண்டும். பொய் மாற்றத்தில் உங்கள் கண் ஒரு கணம் வலக்கையைப் பார்த்துவிட்டால், மண்டபத்திலுள்ள அத்தனை கண்களும் அங்கே திரும்பும். பார்வையாளர்கள் உங்கள் கையை நேராகப் பார்ப்பதைவிட உங்கள் பார்வையைப் பின்தொடர்வதே அதிகம்.

இதில் தோட்டப்புற மேடைக்கென ஒரு கூடுதல் விதி உண்டு. நாணயம் தங்கிய கை உடலுக்குப் பின்னால் போகக் கூடாது. தொடையை ஒட்டியும் தொங்கக் கூடாது, ஏனெனில் படியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கண்மட்டம் அதுதான். முழங்கையை மடித்து, புறங்கை வெளியே தெரியும்படி, வயிற்றின் உயரத்தில் வைத்திருங்கள். அந்தக் கையிலேயே ஒலிவாங்கியையோ துணியையோ பிடிக்கும் பழக்கம் வந்துவிட்டால், மூடிய கைக்குத் தனியாக ஒரு காரணம் தேட வேண்டியதில்லை.

இரண்டாம் படி: பயிற்சி

கண்ணாடி முன் பயிற்சி செய்வது பழைய முறை. அசைவின் வடிவத்தைத் திருத்த அது போதும். ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. இரகசிய அசைவு நிகழும் அதே நொடியில் பயில்பவர் தம்மையறியாமல் கண்ணிமைத்துவிடுவார். தம் குறை தம் கண்ணுக்கே தெரியாமல் போகும். ஆகவே கைப்பேசியில் பதிவுசெய்து பார்க்க வேண்டும். முன்னால் வைத்து எடுப்பது மட்டும் போதாது. இடப்பக்கம், வலப்பக்கம், பின்பக்கம், தரையிலிருந்து மேல்நோக்கி என நான்கு இடங்களிலும் கைப்பேசியை வைத்து ஒவ்வொரு வித்தையையும் எடுங்கள். எந்தக் கோணத்தில் கலைகிறதோ அந்தக் கோணத்தை அடைக்க முடியுமா என்று பாருங்கள்: மேசையை நகர்த்தலாம், உடலைத் திருப்பலாம், துணைக்கு வந்தவரை அந்தப் பக்கம் நிறுத்தலாம். எதுவும் உதவாவிட்டால் அந்த வித்தையைப் பள்ளி மண்டபத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

கை பழகுவதற்குச் சிறு சிறு பொழுதுகளே ஏற்றவை. காலையில் பால்மரம் வெட்டிவிட்டு வருபவர்களும், ஈப்போவுக்கு வேலைக்குப் பேருந்தில் போய்வருபவர்களும் இந்த ஊர்களில்தான் இருக்கிறோம். நீண்ட ஓய்வுநேரம் நம்மில் பலருக்குக் கிடைப்பதில்லை. காத்திருக்கும் இடங்களில் நாணயம் கையில் இருக்கட்டும்.

மூன்றாம் படி: முப்பது நிமிடத்தை அமைத்தல்

கோவில் திருவிழாவானாலும் தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவானாலும் நமக்குத் தரப்படுவது பெரும்பாலும் அரைமணி நேரமே. அதற்குள் ஐந்து அல்லது ஆறு வித்தைகள் போதும். பத்து வித்தை செய்பவரைவிட, ஆறு வித்தையை முழுமையாகச் செய்பவரையே ஊர் மறுபடி அழைக்கிறது.

தொடக்கம் பேச்சில்லாமல், கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்படி இருக்க வேண்டும். பட்டுத்துணிகள் நிறம் மாறுவதோ வெறுங்கையில் தோன்றுவதோ இதற்கு ஏற்றது. இரண்டாவது, கயிற்றை வெட்டி ஒட்டும் வித்தை. ஒரு பிள்ளையை மேடைக்கு அழைத்து அவர் கையாலேயே வெட்டச் சொல்வதால் மண்டபம் உடனே நம் பக்கம் வந்துவிடும். மூன்றாவதாக உலோக வளையங்களை ஒன்றோடொன்று கோக்கும் வித்தையை நான் வைப்பேன். நாலா பக்கமும் ஆட்கள் நிற்க, அருகிலிருந்தே பார்த்தாலும் தாங்கக்கூடிய பழைய வித்தைகளில் இதைவிடச் சிறந்தது அரிது. வளையத்தின் ஓசையே பாதி வேலையைச் செய்துவிடும்.

இவற்றுக்கு இடையே ஓடும் இழையாக வற்றாத சொம்பை வையுங்கள். தண்ணீர் முழுவதையும் ஊற்றிக் காலியாக்கிக் கவிழ்த்து வைத்த சொம்பிலிருந்து, அடுத்த வித்தை முடிந்ததும் மறுபடி தண்ணீர் ஊற்றுவீர்கள். அதற்கடுத்த வித்தைக்குப் பிறகும் ஊற்றுவீர்கள். இந்திய வித்தைக்காரர்களிடமிருந்து உலக மேடைகளுக்குப் போன பொருள் இது. மேல்நாட்டார் அதை அலங்காரக் குடுவையாகச் செய்து விற்கிறார்கள். நமக்கு நம் வீட்டுப் பித்தளைச் சொம்பின் வடிவத்திலேயே செய்து வாங்குவதுதான் அழகு. எதிரே அமர்ந்திருக்கும் பாட்டிக்கு அது தம் அடுப்படியில் இருக்கும் பொருள். அதில் நடக்கும் அதிசயம் அவருக்கு இரட்டிப்பாகத் தெரியும். மூன்றாவது முறை நீங்கள் சொம்பை நோக்கிக் கையை நீட்டும்போதே கூட்டம் சிரிக்கத் தொடங்கும்.

முடிவுக்கு, ஒருவரிடம் வாங்கிய பணநோட்டு மறைந்து ஒரு பழத்துக்குள்ளிருந்து வெளிவரும் வித்தையைப் பரிந்துரைக்கிறேன். இங்கு இரண்டு செய்திகளைக் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும். ஒன்று, நம் நாட்டு 1 ரிங்கிட்டும் 5 ரிங்கிட்டும் நெகிழித் தாளால் ஆனவை. மடித்தால் மடிப்பு நிற்காது, விட்டவுடன் விரியும். ஆகவே காகிதத்தாலான 10 ரிங்கிட் நோட்டைத்தான் கேட்டு வாங்க வேண்டும். நோட்டில் கையெழுத்துப் போடச் சொல்லாமல், வரிசை எண்ணை ஒரு மாணவரிடம் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பணநோட்டைக் கிறுக்குவது முறையன்று. மற்றொன்று, மேல்நாட்டு மேடைகளில் இந்த வித்தைக்கு எலுமிச்சையே வழக்கம். மாரியம்மன் கோவில் வளாகத்தில் எலுமிச்சையை எடுத்து நடுவே அறுத்தால் அது வித்தையாகத் தெரியாது. திருஷ்டி கழிப்பதாகவோ வேறு ஏதோ செய்வதாகவோ பெரியவர்கள் முகம் சுருங்கும். ஆரஞ்சுப் பழத்தைப் பயன்படுத்துங்கள்.

முடிவு முழுமையாக முடிய வேண்டும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. வங்கத்து மாயவித்தைக் கலைஞர் பி.சி. சர்க்கார் 1956 ஏப்ரல் 9-ஆம் நாள் பிபிசி தொலைக்காட்சியின் பனோரமா நிகழ்ச்சியில் தம் உதவியாளரைச் சுழல்வாளால் அறுக்கும் வித்தையைக் காட்டினார். அந்தப் பெண் எழுவதற்குள் ஒளிபரப்பு நேரம் முடிந்துவிட, அவர் இறந்தேவிட்டார் என்று அஞ்சிய மக்கள் நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். அந்தப் பரபரப்பு சர்க்காருக்குப் பெரும் புகழைத் தந்தது. நமக்கு அது உதவாது. தோட்டத்தில் ஒரு பிள்ளை அழுதுகொண்டே வீட்டுக்குப் போனால் அடுத்த ஆண்டு அழைப்பு வராது. எனவே அறுக்கும், குத்தும் வித்தைகளைத் தவிர்ப்பதோடு, உங்கள் நிகழ்ச்சியைச் சுருக்கச் சொன்னால் எந்த வித்தையை விடுவது என்பதையும் முன்பே முடிவுசெய்து வையுங்கள். பரிசளிப்பும் பிரமுகர் உரையும் நீண்டு, அரைமணி பதினைந்து நிமிடமாவது இங்கு வாடிக்கை.

நான்காம் படி: பேச்சு

வித்தையை மறைப்பது பேச்சுதான். விளக்கிக்கொண்டே போகும் பேச்சு உதவாது; "இதோ ஒரு கயிறு, இதை நான் வெட்டுகிறேன்" என்பதைக் கண்ணால் பார்ப்பவருக்குக் காதில் சொல்ல வேண்டியதில்லை. கேள்வி கேளுங்கள். ஒருவரைக் கேள்வி கேட்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருக்கும் நொடியில் மண்டபம் முழுவதும் அவரைத்தான் பார்க்கும். கையின் வேலை அப்போது நடக்க வேண்டும். கூட்டம் சிரித்து முடிக்கும் நொடியும் அத்தகையதே. சிரிப்பில் உடலும் கவனமும் ஒருசேரத் தளர்கின்றன.

அழைக்கும் முறையில் ஊர் வழக்கம் இருக்கட்டும். நோட்டுக் கொடுத்தவர் நடுவயதினராக இருந்தால் "அண்ணே, நோட்டு என்கிட்ட பத்திரமா இருக்கு, நீங்க என் முகத்தை மட்டும் பாருங்க" என்று சொல்வதில் உள்ள உரிமை, "ஐயா" என்று விலகி நின்றால் வராது. தலைமையாசிரியரையும் கோவில் தலைவரையும் பதவி சொல்லியே அழைக்க வேண்டும். மேடைக்கு வரும் பிள்ளையிடம் முதலில் பெயரைக் கேளுங்கள்; பிறகு அம்மா எங்கே இருக்கிறார் என்று கேட்டு, அவரைப் பார்த்துக் கையசைத்து அனுமதி பெறுங்கள். கூச்சத்தில் தலை குனியும் பிள்ளையை ஒருபோதும் இழுத்து வரக் கூடாது. பெண்களைத் தொடும்படியான எந்த வித்தையும் வேண்டாம். குடித்துவிட்டு முன்வரிசையில் குரல் கொடுப்பவரை மட்டந்தட்டிச் சிரிக்க வைப்பது எளிது; ஆனால் அவர் பிள்ளையும் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறது. "மாமா, கடைசி வித்தைக்கு நீங்கதான் சாட்சி, அதுவரைக்கும் தெம்பை வச்சிருங்க" என்று ஒரு பொறுப்பைக் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடுவார்.

மலாய் மொழியிலும் அதே முப்பது நிமிடத்தைத் தயார் செய்யுங்கள். பட்டண நிகழ்ச்சிகளிலும் திறந்த இல்ல விருந்துகளிலும் பார்வையாளர்கள் கலந்தே இருப்பார்கள். அங்கு நிகழ்ச்சியைச் சிலாப் மாத்தா, அதாவது மலாயில் கண்கட்டு வித்தை, என்றே அறிமுகப்படுத்த வேண்டும். ஆவி, மந்திரம் என்ற சாயல் பேச்சில் வந்தால் முஸ்லிம் குடும்பங்கள் எழுந்து போய்விடும். அது அவர்கள் சமய நெறியைச் சார்ந்தது, நாம் மதிக்க வேண்டியது.

ஐந்தாம் படி: நம்பிக்கைக்கும் வித்தைக்கும் இடையிலான எல்லை

இதை நான் தனிப் படியாகவே வைக்கிறேன், ஏனெனில் இத்தொழிலின் மானம் இதில்தான் இருக்கிறது. கோவில் மேடையில் வெறுங்கையிலிருந்து எதையும் வரவழைக்கலாம், விபூதியையும் குங்குமத்தையும் தவிர. அவற்றை வரவழைப்பது எளிது, கைதட்டலும் பெரிது. மறுநாள் காலையில் நோயுற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் உங்கள் வீட்டு வாசலில் நிற்பார். செய்வினை எடுக்க எவ்வளவு கேட்பீர்கள் என்று ஒருவர் தணிந்த குரலில் விசாரிப்பார். அந்தத் தாய் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரத்தை நீங்கள் எடுத்துக்கொண்டவராகிறீர்கள். நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே, இது கைப்பழக்கமும் கருவியும் சேர்ந்த கலை, இதில் தெய்வ சக்தி ஒன்றுமில்லை என்று ஒரு வாக்கியத்தில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்வதால் வியப்பு குறைவதில்லை. கலை என்று தெரிந்தும் பிடிபடவில்லையே என்ற வியப்புதான் பெரியவர்களையும் நாற்காலியின் நுனிக்குக் கொண்டுவருகிறது.

இரகசியத்தைக் காப்பதும் இதனோடு சேர்ந்ததே. 1905-இல் இலண்டனில் தோன்றிய மேஜிக் சர்க்கிள் சங்கம் வித்தையின் மறைபொருளை வெளியிடும் உறுப்பினரை நீக்கும் விதியையே கொண்டிருக்கிறது. கற்க விரும்பிக் கேட்பவருக்குச் சொல்லித் தருவது வேறு. நாலு பேர் பாராட்டுக்காக விளக்குவது வேறு. பிறர் எழுதிய பேச்சையும் அமைப்பையும் அப்படியே எடுத்து ஆடுவதும் கூடாது.

ஆறாம் படி: பெட்டியும் பருவநிலையும்

நம் காற்றின் ஈரம் வித்தைப் பொருள்களுக்குப் பகை. சீட்டுக்கட்டு ஒரே வாரத்தில் உப்பி, விசிறியாக விரிய மறுக்கும். ரப்பர் வளையம் பிசுபிசுத்து, இழுத்தால் அறுந்துவிடும். பட்டுத்துணி மணக்கத் தொடங்கும். காற்றுப் புகாத டப்பாக்களில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு பொருள்களைப் பிரித்து வையுங்கள். சீட்டையும் ரப்பரையும் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி புதிதாக எடுங்கள். உடையில், நீண்ட கைச் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொள்ளும்; பருத்தி ஜிப்பாவில் இரு பக்கமும் ஆழமான பைகள் தைத்துக்கொள்வது மேடைக்கும் ஏற்றது, ஊருக்கும் ஏற்றது.

நெருப்பை விட்டுவிடுங்கள். நொடியில் எரிந்து மறையும் வித்தைத் தாள் நைட்ரோசெல்லுலோஸால் ஆனது. தோரணமும் நெகிழிப் பந்தலும் கட்டிய மேடையில் அதற்கு இடமில்லை. உயிருள்ள புறாவும் முயலும் வேண்டாம். 2015-ஆம் ஆண்டின் விலங்கு நல்வாழ்வுச் சட்டம் ஒரு பக்கம் இருக்க, அடைத்த வண்டியில் உச்சிவெயிலில் அவற்றைக் கொண்டுபோவதே கொடுமை. ஆபத்தான வித்தைகளை நாடுவோர், சுங் லிங் சூ என்ற பெயரில் ஆடிய அமெரிக்கர் வில்லியம் ராபின்சன், துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தையின்போது 1918 மார்ச்சில் இலண்டன் மேடையில் சுடப்பட்டு மறுநாள் இறந்ததை அறிந்திருக்க வேண்டும். அவர் அதைப் பல ஆண்டுகள் பிழையின்றிச் செய்து வந்தவர்.

ஏழாம் படி: நிகழ்ச்சி நாள்

இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். மேடையில் நின்று, சுற்றிலும் எங்கெல்லாம் ஆள் உட்கார முடியும் என்று பாருங்கள். பிறகு அந்த இடங்களிலெல்லாம் நீங்களே போய் உட்கார்ந்து உங்கள் மேசையைப் பாருங்கள். மேடைக்கு நேர் மேலுள்ள காற்றாடியை நிகழ்ச்சியின்போது நிறுத்தச் சொல்லுங்கள். அது சுழன்றால் பட்டுத்துணி பறக்கும், நூலிழையைக் கொண்டு செய்யும் எந்த வித்தையும் நடக்காது. மக்கள் தலைக்கு மேலுள்ள காற்றாடிகள் ஓடட்டும். புழுங்கும் கூட்டத்துக்கு வித்தை ரசிக்காது. முன்வரிசைப் பிள்ளைகளுக்கும் மேடைக்கும் இடையே இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு, தரையில் ஒரு கயிற்றைப் போட்டு, பிள்ளைகளில் மூத்த இருவரைக் காவலுக்கு வையுங்கள்.

பேராக் மாநிலத்தில் மாலை இடிமழை வழக்கமானது. தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கினால் ஒலிபெருக்கியும் தோற்கும். அதற்கெனப் பேச்சே இல்லாத பத்து நிமிட நிரல் ஒன்று தனியாக இருக்க வேண்டும்: துணி, கயிறு, பெரிய சீட்டுகள், நிறம் மாறும் குடை. மின்சாரம் போனாலும் இயங்கும் மின்கல ஒலிபெருக்கி ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

எட்டாம் படி: கட்டணமும் காகிதமும்

தொழிலாகச் செய்யத் தொடங்கியதும் 30 நாள்களுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60 ரிங்கிட். பள்ளிகளும் பெரிய நிறுவனங்களும் பதிவு எண் இல்லாதவருக்குப் பணம் கொடுக்கத் தயங்கும். சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்புத் திட்டத்திலும் சேருங்கள். இரவில் நெடுஞ்சாலையில் பெட்டியோடு திரும்பும் தொழில் இது. பொது இடத்து நிகழ்ச்சிக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி யார் பொறுப்பு என்பதை ஏற்பாட்டாளரிடம் முதல் பேச்சிலேயே கேட்டுவிட வேண்டும். சுங்கை சிப்புட்டைப் பொறுத்தவரை அது கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் எல்லைக்குள் வருகிறது.

கட்டணத்தை வாய்க்கணக்கில் விடாதீர்கள். பயணம், சாலைக் கட்டணம், ஒவ்வொரு முறையும் தீர்ந்துபோகும் பொருள்கள், துணையாளின் கூலி, உங்கள் பயிற்சி நேரம் ஆகியவற்றைக் கூட்டி ஒரு தொகையை நிர்ணயித்து, பாதியை முன்பணமாக வாங்குங்கள். கோவிலுக்குக் குறைத்துச் செய்ய விரும்பினால் முழுத் தொகையை எழுதி, கழிவைத் தனியே காட்டுங்கள். இல்லாவிட்டால் குறைத்த தொகையே அடுத்த ஊரில் உங்கள் விலையாகப் பேசப்படும். தேதி, நேரம், மேடையின் அளவு, மழையால் ஒத்திவைத்தால் முன்பணம் என்னாகும் என்பவற்றை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே பெற்றுக்கொள்ளுங்கள்.

அந்த எழுத்தில் இன்னும் ஒரு வரியைச் சேருங்கள்: மேடையின் பின்னாலிருந்தும் படிகளிலிருந்தும் எடுத்த காணொளிகளைப் பொதுவில் பகிர வேண்டாம் என்று ஏற்பாட்டாளர் அறிவிக்க வேண்டும். எல்லாரும் அதைக் கேட்கமாட்டார்கள். ஆகவே நிகழ்ச்சி முடிந்ததும் அந்தப் படியில் உட்கார்ந்து படம்பிடித்த இளைஞரைத் தேடிப் போய், காணொளியை உங்களுக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். எந்த வித்தையை அடுத்த நிகழ்ச்சிக்கு எடுத்துச் செல்வது, எதைத் திருத்தும்வரை பெட்டியிலேயே வைப்பது என்பதை அந்தக் கோணத்திலிருந்து முடிவுசெய்யுங்கள்.